சர்வே மீட்டரோடு வந்த கதிர்வீச்சுப் பாதுகாப்புப் பயிற்சி: ஒரு கேத் லேப் ஊழியரின் மதிப்பீடு

நான் நாகர்கோவிலில் ஒரு தனியார் மருத்துவமனையின் கேத் லேபில், அதாவது எக்ஸ்-ரேயில் பார்த்தபடியே இதய ரத்தக்குழாய்களைச் சோதித்து அடைப்பை நீக்கும் அறையில், டெக்னாலஜிஸ்ட். எக்ஸ்-ரே, சி.டி., போர்ட்டபிள் எல்லாம் பார்த்துவிட்டு ஆஞ்சியோ பக்கம் வந்தவள். மருத்துவ இயற்பியல் படித்த இரண்டு பேர் சேர்ந்து நடத்தும் ஒரு சிறிய பயிற்சிச் சேவையை எங்கள் நிர்வாகம் இந்த வருடம் கூப்பிட்டிருந்தது. இப்படி ஒரு பயிற்சிக்குப் பணம் கட்ட யோசிக்கும் மற்ற மருத்துவமனைகளுக்கு உதவட்டும் என்று இதை எழுதுகிறேன்.

முதலில் பிடித்தது, வருவதற்கு முன்பே அவர்கள் வேலையைத் தொடங்கிய விதம். அறைகளின் வரைபடம், கருவிகளின் பட்டியல், கருவிகளின் கடைசித் தரச் சோதனை (க்யூ.ஏ.) அறிக்கை, ஊழியர்கள் வாங்கும் கதிர்வீச்சைப் பதிவு செய்யும் டி.எல்.டி. பேட்ஜ் அறிக்கைகள் எல்லாவற்றையும் கேட்டு வாங்கினார்கள். முந்தின நாள் சாயங்காலமே வந்து, வேலை நடக்கும்போது யார் எங்கே நிற்கிறார்கள் என்று ஓரமாக நின்று பார்த்தார்கள். மறுநாள் பேசியதெல்லாம் எங்கள் அறையைப் பற்றி, எங்கள் மெஷினைப் பற்றி. இதற்கு முன் நான் உட்கார்ந்த வகுப்புகளில் ரான்ட்ஜன் 1895-இல் எக்ஸ் கதிரைக் கண்டுபிடித்ததில் ஆரம்பித்து, மதியச் சாப்பாட்டுக்குள் சான்றிதழ் கையில் வந்துவிடும். எங்கள் டேபிளுக்குப் பக்கத்தில் யாரும் வந்து நின்றதில்லை.

இந்தப் பயிற்சியின் உயிர் கேத் லேபுக்குள் நடந்த அந்தக் காலை வகுப்புதான். தண்ணீர் நிரப்பிய பிளாஸ்டிக் கேன்களை நோயாளி படுக்கும் இடத்தில் வரிசையாக வைத்து, ஃப்ளூரோ (தொடர்ந்து ஓடும் எக்ஸ்-ரே படம்) போட்டு, கதிர்வீச்சை அளக்கும் சர்வே மீட்டரை ஒவ்வொரு இடமாகக் கொண்டுபோய் எண்ணை உரக்கப் படித்தார்கள். நமக்கு வரும் கதிர்வீச்சில் பெரும்பகுதி நோயாளியின் உடம்பில் பட்டுச் சிதறி வருவது என்று நான் பாடத்தில் படித்ததுதான். ஆனால் ஒரு மீட்டர் தள்ளி நின்றபோது இருந்த எண், இரண்டு மீட்டரில் கிட்டத்தட்டக் கால் பங்காக இறங்கியதைக் கண்ணால் பார்த்த பிறகு எங்கள் சிஸ்டர்கள் நிற்கும் இடமே மாறிவிட்டது. ஊசியும் ஸ்டென்ட்டும் எடுத்துக் கொடுக்கும் டிராலியை ஒரு எட்டு பின்னால் தள்ளினார்கள். அதற்கு ஒரு பைசா செலவில்லை.

அப்புறம் சி-ஆர்மை, அதாவது ட்யூபையும் டிடெக்டரையும் தாங்கும் சி வடிவக் கையை, சாய்த்துக் காட்டினார்கள். டாக்டர் நோயாளியின் வலது பக்கம் நிற்பார். நெஞ்சை இடப்பக்கச் சாய்வில் பார்க்கும் எல்.ஏ.ஓ. கோணத்துக்குச் சாய்க்கும்போது எக்ஸ்-ரே கிளம்பும் ட்யூப் அவர் பக்கமாக வரும், சிதறலும் அவர் மேலேயே ஏறும். மீட்டர் எகிறியது. உடனே, சுவரோரம் ஒதுங்கிக் கிடந்த, கூரையிலிருந்து தொங்கும், ஈயம் (லெட்) கலந்த கண்ணாடித் தடுப்பை இழுத்துச் சரியான இடத்தில் வைத்தார்கள். டாக்டரின் முகம் இருக்கும் உயரத்தில் எண் சட்டென்று விழுந்தது. எங்கள் மூத்த கார்டியாலஜிஸ்ட் ஒன்றும் பேசாமல் தடுப்பை இன்னும் கொஞ்சம் கிட்டே இழுத்து, திரும்ப அளக்கச் சொன்னார். அன்றிலிருந்து அது இல்லாமல் அவர் கேஸ் தொடங்குவதில்லை. படம் பிடிக்கும் டிடெக்டரை நோயாளிக்கு ஒட்டினாற்போல இறக்குவது, டேபிளை ட்யூபிலிருந்து உயர்த்துவது, நொடிக்கு 15 பல்ஸ் (கதிர்த் துடிப்பு) என்பதை 7.5 ஆக்குவது, எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகச் செய்து, எண் எப்படி மாறுகிறது என்று காட்டினார்கள்.

பேட்ஜ் பற்றிய பகுதியையும் குறிப்பிட்டே ஆக வேண்டும். பேட்ஜை, கதிரைத் தடுக்கும் ஏப்ரனுக்கு உள்ளே, மார்பு உயரத்தில் போடுகிறோம். மூன்று மாதம் கழித்து அறிக்கையில் சின்ன எண் வந்தால் நிம்மதியாகிவிடுகிறோம். ஆனால் அந்த எண் ஏப்ரனுக்கு உள்ளே இருக்கும் உடம்புக்கு மட்டும்தான். கண்ணும் கையும் வெளியேதான் இருக்கின்றன. கண் லென்ஸுக்கு ஆண்டுக்கு 150 மில்லிசீவர்ட் (கதிர்வீச்சு அளவின் அலகு) என்றிருந்த வரம்பை, ஐந்தாண்டுச் சராசரியாக 20-க்குக் குறைக்க வேண்டும் என்று சர்வதேசக் கதிரியக்கப் பாதுகாப்பு ஆணையம் 2011-இல் பரிந்துரைத்தது. குறைந்த அளவிலும் கண்புரை வரலாம் என்று தெரியவந்ததுதான் காரணம். இதைக் கேட்டபின் கண்ணில் போடும் லெட் மூக்குக்கண்ணாடிக்கு நிர்வாகத்திடம் நான் எழுதிக் கேட்டிருக்கிறேன். விடவும் போவதில்லை.

ஏப்ரன்களையும் ஃப்ளூரோவில் வைத்துப் பார்த்தார்கள். மடித்து மடித்து நாற்காலியில் போட்டதில் உள்ளே விரிசல் விழுந்திருந்தது. வெளித்துணியில் ஒரு கீறல் இல்லை. அன்றைக்கே சிலவற்றை ஒதுக்கிவிட்டு, தொங்கவிடும் ஸ்டாண்ட் வாங்கச் சொன்னார்கள், வந்துவிட்டது.

நான் எதிர்பார்க்காதது, துப்புரவு அக்காக்களுக்கும் வார்டு அட்டெண்டர்களுக்கும் தனியாக நேரம் ஒதுக்கியதுதான். ஒரு அக்கா, "மெஷினை அணைச்ச பிறகும் அது ரூம்லயே தங்கியிருக்குமா தம்பி?" என்று கேட்டார். "இல்லக்கா, லைட்டை அணைச்சா வெளிச்சம் போயிடுதுல்ல, அப்படித்தான்" என்று சொல்லிவிட்டு, மீட்டரை அவர் கையிலேயே கொடுத்து, அணைத்த அறைக்குள் நடக்க வைத்தார் அந்தப் பயிற்சியாளர். அந்த அக்கா பல வருடமாக அந்த அறையைப் பயந்து பயந்து பெருக்கிக்கொண்டிருந்திருக்கிறார். யாரும் அவருக்குச் சொல்லவில்லை.

பயம் ஐ.சி.யூ.விலும் உண்டு. போர்ட்டபிள் வந்தாலே "எக்ஸ்-ரே!" என்று ஒரு குரல், எல்லோரும் வெளியே ஓட்டம். வென்டிலேட்டரில் இருப்பவர் அந்த நேரம் தனியாகக் கிடப்பார். ஒரு மார்பு எக்ஸ்-ரேக்கு, கதிர் போகும் திசையை விட்டு விலகி இரண்டு மீட்டர் தள்ளி நின்றால் போதும் என்று அங்கேயே அளந்து காட்டினார்கள். நோயாளியைப் பார்த்தபடியே நிற்கலாம். குழந்தைக்குப் படம் எடுக்கும்போது ஒவ்வொரு முறையும் அதே ஊழியர் பிடித்துக்கொள்வது கூடாது, கர்ப்பமாக இல்லாத தாயோ தகப்பனோ ஏப்ரன் போட்டுப் பிடிக்கட்டும் என்று ஒரு நடைமுறையும் எழுதிக் கொடுத்தார்கள்.

கர்ப்பமான ஊழியர்கள் விஷயத்தில் அவர்கள் பேசியது எனக்கு மனதுக்கு நெருக்கமானது. வேலை போய்விடுமோ, வேறு பிரிவுக்குத் தூக்கிவிடுவார்களோ என்று மறைக்கும் பெண்களை எனக்குத் தெரியும். தெரிவித்த பிறகு மீதிக் காலத்தில் கருவுக்கு 1 மில்லிசீவர்ட்டைத் தாண்டக் கூடாது என்பது விதி, அதற்கேற்ப வேலையை மாற்றிக் கொடுப்பது நிர்வாகத்தின் பொறுப்பு என்று எச்.ஆர். ஆட்களை எதிரில் உட்கார வைத்தே சொன்னார்கள்.

எங்கள் ஊர் என்பதால் பக்கத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணல் பற்றிக் கேள்வி வராமல் இருக்குமா? அந்த மணலில் உள்ள மோனசைட் கனிமத்தில் கதிரியக்கத் தன்மையுள்ள தோரியம் இருப்பதால் அங்கே இயற்கைக் கதிர்வீச்சு கூடுதல்தான் என்று ஒளிக்காமல் சொல்லிவிட்டு, "கடற்கரையில் இருப்பதை நீங்கள் மாற்ற முடியாது, எக்ஸ்-ரேயை ஓட்டும் பெடலில் வைக்கும் காலை எடுக்க முடியும்" என்றார் ஒரு பயிற்சியாளர். ஸ்டோர் ஆட்களுக்காக டெல்லி மாயாபுரி கதையையும் சொன்னார்கள். பல்கலைக்கழக ஆய்வகத்தில் பயன்படாமல் கிடந்த கோபால்ட்-60 கருவி 2010-இல் ஏலத்தில் பழைய இரும்புக் கடைக்குப் போய், ஒருவர் இறந்து, சிலர் கடுமையாகப் பாதிக்கப்பட்ட சம்பவம். எக்ஸ்-ரே மெஷினுக்குள் அப்படி ஒரு கதிரியக்கப் பொருள் இல்லைதான். ஆனாலும் பழைய மெஷினை அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்துக்கு (ஏ.ஈ.ஆர்.பி.) தெரிவிக்காமல் கழித்துக்கட்ட முடியாது என்பது ஸ்டோரில் பலருக்கு அன்றுதான் தெரிந்தது.

குறைகளும் இருக்கின்றன. மதியம் நடந்த சட்டப் பகுதி சரியாக அமையவில்லை. 2004-ஆம் ஆண்டுக் கதிர்வீச்சுப் பாதுகாப்பு விதிகள், ஏ.ஈ.ஆர்.பி.யின் ஈ-லோரா இணையதளத்தில் உரிமம் எடுப்பது எல்லாம் ஆங்கில ஸ்லைடில் ஓடியது. கதிர்வீச்சுப் பாதுகாப்பு அதிகாரிக்கும் (ஆர்.எஸ்.ஓ.) நிர்வாகத்துக்கும் மட்டும் தேவையான அதை எல்லோரையும் உட்கார வைத்து நடத்த வேண்டியதில்லை. நோயாளிகளுக்கான தமிழ்த் துண்டுப்பிரசுரம் பாடப்புத்தக நடையில் இருக்கிறது. எங்கள் வரவேற்பில் நிற்கும் ஒரு மீனவக் குடும்பம் அதைப் படித்து என்ன புரிந்துகொள்ளும்? நீண்ட ஆஞ்சியோபிளாஸ்டிக்குப் பிறகு, மெஷின் காட்டும் கதிர்வீச்சு அளவு 5 கிரே தாண்டிய நோயாளிக்கு, முதுகில் சிவப்போ புண்ணோ வந்தால் திரும்பி வரச் சொல்ல வேண்டும். அது வகுப்பில் வந்தது, பிரசுரத்தில் இல்லை. இரவு டூட்டி ஆட்களுக்கும் ஒன்றுமே இல்லை, அவசர கேஸ்களில் பாதி அவர்கள் கையில்தான் வருகிறது.

கட்டணம் ஆளுக்கு இவ்வளவு என்றில்லாமல் நாளுக்கு இவ்வளவு என்று வாங்குகிறார்கள். அதனால் யாரையும் விட்டுவிடாமல் அனுப்ப முடிந்தது. ஐந்துக்கு நான்கு கொடுப்பேன். கூப்பிடுகிறவர்கள் கேத் லேபில் கேஸ் இல்லாத இரண்டு மணி நேரத்தை முன்கூட்டியே ஒதுக்கிவிடுங்கள், டாக்டர்கள் அந்த நேரத்தில் கட்டாயம் இருக்க வேண்டும். சட்டப் பகுதியைத் தனியாக வைக்கச் சொல்லுங்கள். எங்களுக்கு ஆறு மாதத்தில் மறுபடி வந்து அளந்து பார்ப்பது அதே கட்டணத்தில் சேர்த்தி. அப்போது இரவு டூட்டிக்காரர்களுக்குச் சாயங்காலம் தனி வகுப்பு கேட்டிருக்கிறோம், ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்.