வெள்ளிக் கிரகத்து மழை, செந்தூல் வெயில்: 38 ரிங்கிட் பாடத் தொகுப்பு தேறுமா?

கோலாலம்பூர் செந்தூலில் என் வீட்டில் இடைநிலைப்பள்ளிப் படிவம் இரண்டு, மூன்று பிள்ளைகளுக்கு ஆங்கில டியூசன் எடுக்கிறேன். வெளிநாட்டு ஆசிரியர் ஒருவர் இணையத்தில் விற்கும் பாடத் தொகுப்பு ஒன்றை 38 ரிங்கிட்டுக்கு வாங்கினேன். அறிவியல் புனைகதையில் வரும் இரண்டு இடங்களை மாணவர்களை ஒப்பிட வைப்பதுதான் அதன் வேலை. வாங்கலாமா என்று தெரிந்த டீச்சர்கள் கேட்கிறார்கள். அதில் உள்ள பட அட்டைகளுக்காக வாங்கலாம். ஆசிரியருக்கென்று கூடவே வரும் மாதிரி விடைத்தாளைத் திறக்காமல் இருந்தால் இன்னும் நல்லது.

பாடம் முழுவதும் அமெரிக்க எழுத்தாளர் ரே பிராட்பரியின் 'ஆல் சம்மர் இன் எ டே' கதையைச் சுற்றியே போகிறது. 1954இல் வந்த கதை. அது தொகுப்புக்குள் இல்லை, நாம்தான் தேடிக்கொள்ள வேண்டும். காப்புரிமை உள்ள கதை, சரி. ஆனால் காசு கட்டும் முன்பே கதை உள்ளே இல்லை என்று கண்ணில் படும்படி போட்டிருக்கலாம்.

படிக்காதவர்களுக்குச் சுருக்கமாக: வெள்ளிக் கிரகத்தில் ஓயாத மழை. ஏழு ஆண்டுக்கு ஒருமுறைதான் சூரியன் சற்று நேரம் தலைகாட்டும். நிலத்தடி நகரத்துப் பள்ளியில் ஒன்பது வயதுப் பிள்ளைகள். அவர்களில் மார்கோ மட்டும் ஐந்து ஆண்டுக்கு முன் பூமியிலிருந்து, அமெரிக்காவின் ஒஹாயோவிலிருந்து வந்தவள். சூரியன் எப்படி இருக்கும் என்று அவளுக்குத்தான் நினைவிருக்கிறது. அந்தப் பொறாமையில், சூரியன் வரப்போகும் நாளில் மற்ற பிள்ளைகள் அவளை ஒரு சிற்றறையில் தள்ளிப் பூட்டிவிடுகிறார்கள். வெயிலைக் கண்டதும் அவளை மறந்தும் போகிறார்கள்.

முதலில் நல்லதைச் சொல்கிறேன். ஒவ்வோர் அட்டையிலும் கதையில் வரும் ஒரு பொருளின் படம்: சூரிய விளக்கு, செப்புக் காசு, குளியலறைக் குழாய், பூட்டிய கதவு என்று. பின்பக்கத்தில் எல்லாவற்றுக்கும் ஒரே கேள்விதான். "இந்தப் பொருள் இந்த இடத்தில் இருப்பதால் யார் என்ன செய்கிறார்கள்?" இந்தக் கேள்விக்கே 38 ரிங்கிட் கொடுக்கலாம். இடப்பின்னணி, காலப்பின்னணி என்று தலைப்புப் போட்டு "அங்கே மழை, இங்கே வெயில்" என்று எழுதி முடித்துவிடுவது நம் பிள்ளைகளின் பழக்கம். இந்த அட்டைகள் அப்படி நழுவ விடுவதில்லை. குழாய் அட்டை வந்தபோது, பள்ளிக் குளியலறையில் தண்ணீர் தலையில் படக்கூடாது என்று மார்கோ அலறும் இடத்தைத் தேடி எடுத்தார்கள். அதுவரை வாயே திறக்காத ஒரு பெண், "மத்தவங்களுக்கு மழை ஃபேன் சத்தம் மாதிரி டீச்சர், காதுலயே விழாது. இவளுக்கு மட்டும்தான் அது மழை" என்றாள். இடத்தை ஒப்பிடுவது என்றால் இதுதானே!

அப்புறம் வருகிறது ஒப்பீட்டுத் தாள். இரண்டு விஷயங்களை வட்டங்களுக்குள் எழுதி ஒப்பிட நம் பள்ளிகளில் புழங்கும் இரட்டிப்புக் குமிழி வரைபடம் போன்றதுதான்: ஒரு பக்கம் வெள்ளிக் கிரகம், மறுபக்கம் ஒஹாயோ. விடைத்தாளில் ஒஹாயோவுக்கு எதிரே பசும்புல்வெளி, பறவைகள், நான்கு பருவங்கள் என்று அடுக்கியிருக்கிறார்கள். கதையில் இதெல்லாம் எங்கே இருக்கிறது? நான்கு வயதில் பார்த்த சூரியனும் வானமும் மார்கோவுக்கு நினைவிருக்கிறது, ஒஹாயோ பற்றிக் கதை சொல்வது ஏறக்குறைய அவ்வளவுதான். ஓர் இடத்தைக் கதாசிரியர் நேரில் காட்டுகிறார். மற்றது ஒரு சிறுமியின் மனத்தில் மட்டும் இருக்கிறது, அதனால்தான் மற்ற பிள்ளைகள் அதை நம்ப மறுக்கிறார்கள். இரண்டையும் ஒரே அளவுக் குமிழிக்குள் போட்டால் கதையின் வலியே போய்விடும். நான் ஒஹாயோ பக்கத்தைப் பாதிக்கு மேல் காலியாக விடச் சொன்னேன். ஏன் காலி என்று ஒரு வரி எழுத வைத்தேன்.

இன்னொன்று, கதையில் நன்றாக ஒப்பிடக்கூடிய இரண்டு இடங்கள் பூமியும் வெள்ளியும் அல்ல, மழை நிற்பதற்கு முந்திய வெள்ளியும் நின்ற பிறகான வெள்ளியும்தான். அதே காடு, அதே பிள்ளைகள். ஓசை அடங்கியதும் நடந்துகொள்ளும் விதமே மாறிவிடுகிறது. இதற்குத் தொகுப்பில் ஒரு தாள்கூட இல்லை. அட்டைகளை இரண்டு குவியலாகப் பிரித்து நானே நடத்திக்கொண்டேன்.

அறிவியல் பக்கம்தான் எரிச்சல். நிஜ வெள்ளிக் கிரகத்தின் படத்தைப் போட்டுவிட்டு, பக்கத்திலேயே மழைக்காட்டையும் போட்டிருக்கிறார்கள், ஒரு வார்த்தை விளக்கம் இல்லை. பிள்ளைகள் சும்மா விடுவார்களா? நிஜ வெள்ளியில் தரை வெப்பம் சுமார் 465 டிகிரி செல்சியஸ், ஈயமே உருகிவிடும். காற்றழுத்தம் பூமியைப் போல் ஏறத்தாழ 90 மடங்கு. மேகத்தில் இருப்பது கந்தக அமிலம், அந்த மழையும் தரையைத் தொடும் முன்பே ஆவியாகிவிடும். 1962இல் மரினர் 2 விண்கலம் அருகே பறந்து அளந்த பிறகுதான் அந்தக் கொதிப்பு உறுதியானது. பிராட்பரி எழுதிய காலத்தில் மேகத்துக்கடியில் சதுப்பும் காடும் இருக்கலாம் என்று கற்பனை செய்ய இடம் இருந்தது. இதைச் சொன்னால் காலப்பின்னணிக்கே ஒரு நல்ல பாடம் கிடைத்திருக்கும்.

அறிமுகப் பயிற்சி நமக்குச் சுத்தமாகப் பொருந்தாது. பனிக்காலம் முடிந்து கோடைக்காகக் காத்திருந்த நாளை எழுதச் சொல்கிறது. கோலாலம்பூரில் வெயிலுக்கு யார் காத்திருக்கிறார்கள்? "வெயில் இல்லாட்டி நல்லதுதானே டீச்சர்" என்றான் ஒருவன். அந்தத் தாளை ஒதுக்கிவிட்டு 2019 புகைமூட்டத்தைப் பேச வைத்தேன். பள்ளிகளை மூடி, முகக்கவரி போட்டு, சூரியன் மங்கிச் சிவந்து தெரிந்த நாள்கள். அப்போது இவர்கள் சின்னப் பிள்ளைகள், ஆனாலும் மறக்கவில்லை. கதையில் மார்கோ சூரியனைச் செப்புக் காசு போல என்கிறாள்; புகைமூட்டத்தைப் பேசிய பிறகு அந்த அட்டையை நான் விளக்கவே வேண்டியிருக்கவில்லை.

மொத்தத்தில், சொந்தமாகக் கேள்வி தயாரிக்க நேரம் உள்ள டீச்சருக்கு விலை கொஞ்சம் அதிகம், நேரம் இல்லாதவருக்குப் பரவாயில்லை. புதிதாகச் சேர்ந்தவர்கள் விடைத்தாளை நம்பி வகுப்புக்குப் போக வேண்டாம். போட்டோஸ்டேட் கடையில் வண்ணப் பிரதிக்குச் செலவழிக்கவும் தேவையில்லை. காட்டு அட்டையைப் பச்சைப் பசேலென்று வரைந்திருக்கிறார்கள், கதையில் அந்தக் காடு சாம்பல் நிறம். கறுப்பு வெள்ளையில் எடுத்தால்தான் சரியாக வருகிறது.