எங்க ஊர் தொடக்கப்பள்ளி நூலகம்: கதவைக் கழட்டின பீரோ

மன்னார்குடி பக்கம் கிராமம் எங்களுக்கு. பொண்ணு நாலாவது, பையன் ரெண்டாவது, ரெண்டு பேருமே ஊராட்சி ஒன்றிய தொடக்கப்பள்ளியிலதான் படிக்குதுங்க, நானும் அஞ்சாவது வரைக்கும் அங்கதான். "வேன் வாசலுக்கே வருது, ஏன் அங்க கொண்டு போய்ப் போட்டே"ன்னு கேக்குற சொந்தக்காரங்களுக்கு பதில் சொல்லி சொல்லி அலுத்துப்போச்சு, அதான் எழுதிடலாம்னு உக்காந்தேன். மத்ததை விடுங்க, அந்த நூலகத்தைப் பத்தி மட்டும் சொல்றேன்.

நான் படிச்சப்ப ஹெச்.எம். ரூம்ல பச்சை பெயிண்ட் அடிச்ச இரும்பு பீரோ ஒண்ணு நிக்கும். உள்ள கதைப் புக்கு இருக்குன்னு எல்லாருக்கும் தெரியும், இன்ஸ்பெக்‌ஷன் வர்ற அன்னிக்கு திறந்து தூசி தட்டி அடுக்குவாங்க, அதிகாரி போனதும் பூட்டிடுவாங்க. அஞ்சு வருஷத்துல ஒரு புக்கு என் கைக்கு வரல. டீச்சருங்களுக்கும் பயம்தான், ஸ்டாக் ரிஜிஸ்டர்ல ஒண்ணு குறைஞ்சாலும் ஆடிட்ல அவங்கதான் பதில் சொல்லணும். இருந்தாலும் இப்ப நினைச்சாலும் எனக்கு ஆத்தாமையா வருது.

ஏன்னா நம்ம பக்கத்துலதான் புக்கு வண்டியேறி ஊர் ஊரா போயிருக்கு. 1931ல மன்னார்குடி கிட்ட மேலவாசல்ல கனகசபைப் பிள்ளைங்கிற இன்ஜினியர் மாட்டு வண்டியில நூலகம் ஓட்டினார். நூலகத்துக்கு அஞ்சு விதி எழுதின எஸ்.ஆர்.ரங்கநாதன் நம்ம சீர்காழிக்காரர், அந்தப் புத்தகமும் அதே 1931லதான் வந்துச்சு, முதல் விதியே நூல்கள் பயன்படுத்துறதுக்கேன்னுதான் ஆரம்பிக்குது. இதெல்லாம் நடந்த மண்ணுல பீரோவுக்குப் பூட்டு.

இப்ப உள்ள ஹெச்.எம். டீச்சர் வந்த முதல் மாசமே பீரோவோட ரெண்டு கதவையும் கழட்டிட்டாங்க. பிள்ளைங்க தாங்களே செஞ்சு பார்த்துப் படிக்கிற செயல்வழிக் கற்றல் முறை வந்தப்ப, அவங்க செஞ்சதைத் தொங்கவிட கட்டின கம்பிப் பந்தல் சும்மா கெடந்துச்சு, அதுல துணி மாட்டுற கிளிப் போட்டு சின்ன புக்கெல்லாம் பிள்ளைங்க கைக்கு எட்டுற உயரத்துல தொங்கவிட்டிருக்காங்க. அரசாங்கத்தோட வாசிப்பு இயக்கத்துல வந்த புக்குங்கதான் அதுல நிறைய, நுழை, நட, ஓடு, பறன்னு நாலு படி. என் பையன் இன்னும் "நட"ல இருக்கான், அக்கா "பற"க்குப் போயிட்டான்னு வீட்டுல தினமும் சண்டை. வீட்டுக்கு எடுத்துட்டுப் போகலாம், நோட்டுல பேரு எழுதினா போதும். கிழிஞ்சா திட்டு கிடையாது, வெள்ளிக்கிழமை கோந்து வச்சு அவங்களே ஒட்டணும்.

படிக்க நேரம் எங்கேர்ந்து வந்துச்சுன்னா காலை உணவால. 2023 ஆகஸ்ட் 25ல திருக்குவளையில தொடங்கி வச்சு எல்லா அரசு தொடக்கப்பள்ளிக்கும் வந்துச்சே அதேதான். நடவுக்கு விடியக்காலையிலேயே போற வீட்டுப் பிள்ளைங்க முன்னாடி வெறும் வயித்தோட மணி அடிக்கும்போது ஓடி வரும், இப்ப சீக்கிரமே வந்து உப்புமாவோ பொங்கலோ சாப்டுட்டு கை கழுவிட்டு நேரா கம்பிப் பந்தலுக்குக் கீழ உக்காந்துடுதுங்க. பிரேயர் வரைக்கும் ஒரே முணுமுணுப்புதான், ரெண்டாவது பிள்ளைக்கு அஞ்சாவது பிள்ளை எழுத்துக்கூட்டி சொல்லிக்குடுக்குது. ஒரு நாள் வாசல்ல நின்னு கேட்டேன், அப்படியே நின்னுட்டேன்.

அங்க அதிகமா கை மாறுறது எதுன்னு கேட்டா கடையில வாங்கின புக்கே இல்ல, பிள்ளைங்க எழுதின பள்ளிக்கூட வரலாறு, நூறு பக்க நோட்டு. டீச்சர் பழைய சேர்க்கைப் பதிவேட்டை எடுத்துக் காட்டி, வீட்டுல பெரியவங்களைக் கேட்டு எழுதிட்டு வரச் சொல்லிருக்காங்க. எங்க அப்பா காலத்துல ஜில்லா போர்டு ஸ்கூல்னுதான் கூப்பிடுவாங்களாம், ஒன்றியம் எடுத்தப்புறமும் அந்தப் பேரு போகலையாம். சமையல் கொட்டகை கீத்துலதான் இருந்துச்சு, 2004 ஜூலை 16ல கும்பகோணத்துல 94 பிள்ளைங்க தீயில போனப்புறம்தான் கீத்தைப் பிரிச்சுட்டு கட்டடம் கட்டினாங்க. அந்தப் பக்கத்துல பிள்ளைங்க எதுவும் வரையல, தேதி மட்டும் எழுதி விட்டிருக்காங்க. 2018 நவம்பர் கஜா புயல்ல ஓடு பறந்து நனைஞ்ச புக்கையெல்லாம் களத்துல நெல்லு மாதிரி பரப்பிக் காயப்போட்டோம், அலை அலையா சுருங்கின அந்தத் தாளு இன்னும் சிலதுல இருக்கு. பதிவேட்டுல தாத்தா பேருக்கு நேரா அவரோட அப்பா தொழில் "கூலி"ன்னு இருந்ததை என் பொண்ணு நோட்டுல அப்படியே எழுதிருக்கா. எங்க அப்பா அதைத் தடவித் தடவிப் படிச்சார்.

மழைக்காலத்துல பூச்சி அரிக்கும். தஞ்சாவூர் சரஸ்வதி மகால் நூலகத்துக்கு டூர் போனப்ப ஓலைச்சுவடிக்கு வசம்பு, மிளகு, கிராம்பு, பட்டை, கருஞ்சீரகம் இடிச்சு கற்பூரம் கலந்து துணியில முடிஞ்சு வைக்கிறதைக் கேட்டுட்டு வந்து இங்கயும் தட்டுக்குத் தட்டு ஒரு முடிச்சு போட்டிருக்காங்க, புக்கைப் பிரிச்சா நாட்டு மருந்துக் கடை வாசனை.

குறைன்னா ரெண்டு. ஒண்ணாவது பிள்ளைங்களுக்கு வெறும் படமா உள்ள புக்கு ரொம்ப கம்மி, இருக்கிறதையே திரும்பத் திரும்பப் புரட்டுதுங்க. மே மாச லீவுல ஸ்கூலைப் பூட்டிடறதால புக்கு கெடைக்காது, லீவுக்கு முன்னாடி ஆளுக்கு அஞ்சு குடுத்து விடுங்கன்னு மேலாண்மைக் குழு கூட்டத்துல கேட்டிருக்கேன், இந்த வருஷம் பார்க்கலாம்னு சொல்லிருக்காங்க.

மொத்தத்துல இந்த நூலகத்துக்கு அஞ்சுக்கு நாலரை மார்க். புக்கு குடுக்கணும்னு நினைக்கிறவங்க பழைய கைடு, பத்தாவது கொஸ்டின் பேங்க் எல்லாம் மூட்டை கட்டிட்டு வராதீங்க, படக்கதை குடுங்க, பெரிய எழுத்தா பார்த்து வாங்குங்க.