நீராவித் தாமதம்: ஜிபிஎஸ் போதுமா, ரேடியோமீட்டர் வேண்டுமா?

கலிஃபோர்னியப் பாலைவனத்தில், தொலைதூர விண்கலங்களோடு ரேடியோவில் பேசும் நாசாவின் கோல்ட்ஸ்டோன் நிலையத்தில், பாரமானி காற்றழுத்தம் 900 ஹெக்டாபாஸ்கல் என்று காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். அதை 2.277-ஆல் பெருக்கினால் 2,049 வரும். தலைக்கு நேர் மேலே உள்ள விண்கலம், காற்று (நீராவி நீங்கலாக) ரேடியோ அலையைத் தாமதப்படுத்துவதால், அத்தனை மில்லிமீட்டர் தள்ளி இருப்பதுபோலத் தெரியும். அடிவானத்திலிருந்து 10 பாகை உயரத்தில் கலம் இருந்தால் இந்தப் பிழை ஐந்தரை மடங்குக்கு மேல் பெருகி 11 மீட்டரைத் தாண்டும். ஆனாலும் கவலை இல்லை. பாரமானி ஒரு ஹெக்டாபாஸ்கல் பிசகினால், நேர் மேலே பார்க்கும்போது கணக்கு 2.3 மி.மீ.தான் தவறும். சாஸ்டமோய்னன் என்ற ஆய்வாளர் 1972-இல் தந்த இந்தப் பெருக்கல் சூத்திரத்தைவிட மலிவான திருத்தம் இந்தத் துறையில் கிடையாது.

தகராறெல்லாம் நீராவியோடுதான். ஈரமான ஊர்களில்கூட அதன் பங்கு 30, 40 செ.மீ.தான், ஆனால் சீராகப் பரவாமல் திட்டுத்திட்டாக நகரும். தரையில் ஈரப்பதத்தை அளந்து மேலே உள்ளதை ஊகிக்கலாம் என்றால், ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது இங்கே எடுபடாது. தரைக்காற்று வறண்டு கிடக்க, இரண்டு கிலோமீட்டர் உயரத்தில் ஈரம் மண்டியிருக்கலாம்.

எனவே உண்மையான போட்டி ஜிபிஎஸ் ஏற்பி, நீராவி ரேடியோமீட்டர் ஆகிய இரண்டுக்கும் இடையில்தான். நிலையத்தில் நிறுத்திய ஜிபிஎஸ் ஏற்பி மழையிலும் வேலை செய்யும், நீராவித் தாமதத்தைச் சுமார் ஒரு சென்டிமீட்டர் துல்லியத்தில் சொல்லும். குறை என்னவென்றால், பல திசைகளில் உள்ள செயற்கைக்கோள்களைச் சேர்த்துச் சராசரி எடுத்து, நேர் மேலே உள்ள தாமதமாக மாற்றித் தருகிறது. ஆண்டெனா பார்க்கும் திசையில் இந்த நிமிடம் கடந்துபோகும் ஈரத்திட்டு அந்தச் சராசரியில் கரைந்துவிடும்.

நீராவி ரேடியோமீட்டர் அந்தத் திசையையே பார்க்கும். 22.2 கிகாஹெர்ட்ஸில் நீராவி வெளியிடும் நுண்ணலையை அளந்து, 31 கிகாஹெர்ட்ஸ் பக்கம் மேகத்துளிகளின் பங்கைக் கண்டு கழிக்கும். நொடிக்கணக்கில் மாறுவதும் தப்பாது. ஆனால் மழை பெய்தால் குருடு. விலையும் பராமரிப்பும் சாதாரணமானவை அல்ல.

2002-இல், சனிக்கோளுக்குப் போய்க்கொண்டிருந்த காசினி விண்கலம் சூரியனுக்குப் பின்னால் சென்றபோது, கோல்ட்ஸ்டோனில் 34 மீட்டர் ஆண்டெனாவின் அருகே இத்தகைய ரேடியோமீட்டர்கள் வைக்கப்பட்டன. சூரியனருகே ஒளியின் போக்கு பற்றிய ஐன்ஸ்டைனின் கணிப்பை லட்சத்தில் இரண்டு பங்கு அளவுக்குச் சோதிக்க அது உதவியது. ரேடியோ அலையின் அதிர்வெண் மாற்றத்தை நுணுக்கமாக அளக்கும் அப்படிப்பட்ட டாப்ளர் ஆய்வுக்குத்தான் இந்தக் கருவி. கலத்தைச் செவ்வாய்க்கு ஓட்டிப்போக மட்டும் என்றால், என் கணக்கில், ஜிபிஎஸ் போதும்.

காற்றுமண்டலத்தின் மேலே எலக்ட்ரான்கள் தனித்து உலவும் அயனிமண்டலத்தில் போட்டியே இல்லை. அங்கே தாமதம் அதிர்வெண்ணின் வர்க்கத்துக்கு எதிர்விகிதம். எனவே இரண்டு அதிர்வெண்களில் அனுப்பினால் வித்தியாசமே பிழையைச் சொல்லிவிடும். எஸ் பட்டையில் (சுமார் 2.3 கிகாஹெர்ட்ஸ்) 7.6 செ.மீ. தள்ளும் எலக்ட்ரான்கள் எக்ஸ் பட்டையில் (சுமார் 8.4 கிகாஹெர்ட்ஸ்) 6 மி.மீ.கூடத் தள்ளாது. எஸ் பட்டையை நம்பிய மங்கள்யானுக்கு, அதுவும் அயனிமண்டல எலக்ட்ரான்கள் அடர்ந்திருக்கும் காந்த நடுவரைப் (பூமியின் காந்தப்புல நடுக்கோடு) பகுதியில், பெங்களூருப் பக்கத்து பியாலாலு நிலையத்திலிருந்து பார்த்தபோது, இது சிறிய விஷயமாக இருக்கவில்லை. நீராவி எல்லா அதிர்வெண்ணையும் ஏறத்தாழ ஒரேபோலத் தாமதப்படுத்துவதால் இந்த வித்தை அதனிடம் பலிக்காது.