புயல் நேரத்தில் டிக்கெட்டை ஏஜென்ட் கையில் விட்டுவிடாதீர்கள்

மழைக்காலம் தொடங்கிவிட்டதால் இதை எழுதுகிறேன். 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் வந்தபோது வேலை விஷயமாகப் போய் சென்னையில் மாட்டிக்கொண்டேன். மாட்டிக்கொண்டதில் யார் மேலும் குறையில்லை, அன்று பாதி ஊரே வீட்டுக்குள்தான் இருந்தது. குறை என் டிக்கெட் ஏஜென்ட் மேல்.

எனக்கு ஊர் மதுரை. பேக்கிங் மெஷின் சர்வீஸ் வேலை. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு பிஸ்கட் கம்பெனியில் சீல் சரியாக விழவில்லை என்று கூப்பிட்டார்கள். 28ஆம் தேதி வியாழக்கிழமை போய், சனிக்கிழமை மதியம் விமானத்தில் திரும்புவதாக ஏற்பாடு. டிக்கெட்டை எங்கள் ஆபீசுக்கு வழக்கமாகப் போட்டுத் தருபவர்தான் போட்டார். திரும்பி வர மட்டும் 4,890 ரூபாய்.

அந்தப் புயல் வருமா வராதா என்று கடைசி வரை யாருக்கும் பிடிபடவில்லை. நான் போய் இறங்கிய வியாழக்கிழமை, புயலாக மாறாமல் தாழ்வு மண்டலமாகவே கரையைக் கடக்கும் என்று வானிலை மையம் சொன்னது. வெள்ளிக்கிழமை மதியத்துக்கு மேல், புயலாகிவிட்டது என்றார்கள். வெள்ளத்துக்குப் பயந்து வேளச்சேரி பாலத்தின் மேல் வரிசையாகக் கார்களைக் கொண்டுபோய் நிறுத்திய வீடியோவை கம்பெனியில் ஒரு பையன் காட்டினான். மெஷினைக் கழற்றிப்போட்டுக்கொண்டு நின்ற எனக்கு வயிற்றைக் கலக்கியது.

அன்று இரவு ஒன்பது மணிக்கு ஏஜென்ட்டிடமிருந்து போன்.

“சார், நாளைக்கு ஃப்ளைட் கண்டிப்பா போகாது. அவங்களா கேன்சல் பண்ணாங்கன்னா உங்க பணம் வர ஆறு மாசம் ஆகும். இப்பவே நாம பண்ணிட்டா கையோட வந்துடும். பண்ணிடவா?”

இப்போது படிக்கும்போது உங்களுக்கே இதில் ஓட்டை தெரியும். அந்த நேரத்தில் எனக்குத் தெரியவில்லை. நாலு வருடப் பழக்கம் வேறு. சரி என்றேன். அரை மணி நேரத்தில் ஜிபேயில் 1,065 ரூபாய் வந்தது. விமானக் கம்பெனிக்கு கேன்சல் சார்ஜ் 3,500, தன் சர்வீஸ் 325 என்று கணக்கும் அனுப்பினார். மனசு கேட்கவில்லை என்றாலும், போகட்டும், தலை தப்பியது என்று ஒரு ஆப்பைத் திறந்து சனிக்கிழமை இரவுக்கு கிளாம்பாக்கத்திலிருந்து மதுரைக்கு ஸ்லீப்பர் பஸ்ஸில் இடம் போட்டுக்கொண்டேன்.

சனிக்கிழமை மதியம் கேன்டீனில் சாம்பார் சாதம் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன், ஒரு எஸ்எம்எஸ். மோசமான வானிலையால் உங்கள் விமானம் ரத்து செய்யப்பட்டது, வேறு தேதிக்கு மாற்றிக்கொள்ளலாம் அல்லது முழுப் பணத்தையும் திரும்பப் பெறலாம் என்று விமானக் கம்பெனியே அனுப்பியிருந்தது. விமான நிலையத்தை மூடிவிட்டார்கள், முதலில் இரவு 7 மணி வரை என்றார்கள், பிறகு மறுநாள் அதிகாலை 4 மணி வரை என்று நீட்டினார்கள். நம் ஆள் சொன்னது பலித்துவிட்டதே என்றுதான் முதலில் நினைத்தேன். கை கழுவும்போதுதான் உறைத்தது: நேற்று இரவே கேன்சல் ஆன டிக்கெட்டுக்கு இன்று எதற்கு மெசேஜ் வருகிறது?

ஏஜென்ட்டுகள் பெரும்பாலும் டிக்கெட்டில் தங்கள் நம்பரைத்தான் போடுவார்கள். இவரும் அப்படித்தான். ஆனால் வெள்ளிக்கிழமை சாயங்காலம், டீ நேரத்தில், நானே வெப் செக்கின் செய்து என் நம்பரைக் கொடுத்திருந்தேன். அது அவருக்குத் தெரியாது.

டிக்கெட்டிலேயே அச்சாகியிருந்த நம்பருக்கு போன் போட்டேன். (கூகுளில் கஸ்டமர் கேர் நம்பர் தேடாதீர்கள். அதில் போலி நம்பர்கள் நிறைய. உங்கள் போனில் ஏதாவது ஆப் இறக்கச் சொன்னால் உடனே வைத்துவிடுங்கள். பணம் போய்விட்டால் சைபர் குற்ற உதவி எண் 1930க்குக் கூப்பிடுங்கள்.) நாற்பது நிமிடம் பாட்டுக் கேட்ட பிறகு ஒரு பெண் பேசினார். பிஎன்ஆரைச் சொன்னேன். டிக்கெட் சனிக்கிழமை மதியம் வரை உயிரோடுதான் இருந்திருக்கிறது. விமானத்தை ரத்து செய்த பிறகு, 1.10 மணிக்கு, ஏஜென்ட் லாகினிலிருந்து ரீஃபண்ட் கேட்டிருக்கிறார்கள். ஒரு ரூபாய் பிடித்தமில்லாமல் முழுப் பணமும் ஏஜென்ட் கணக்குக்குப் போகிறது. “இதை மெயிலில் அனுப்ப முடியுமாம்மா?” என்றேன். அனுப்பினார். அந்த மெயில்தான் என்னைக் காப்பாற்றியது.

அதாவது, வெள்ளிக்கிழமை அவர் எதையுமே கேன்சல் செய்யவில்லை. என்னிடம் செய்ததாகச் சொல்லி, கைக்காசு ஆயிரத்துச் சொச்சத்தைக் கொடுத்துவிட்டு, விமானக் கம்பெனி தானாக ரத்து செய்யட்டும் என்று காத்திருந்தார். ஒருவேளை விமானம் பறந்திருந்தால் என்ன செய்திருப்பார் என்பதை இன்று வரை என்னால் ஊகிக்க முடியவில்லை. அன்று எத்தனை பேருக்கு இந்த போன் போயிருக்குமோ.

போனில் கேட்டதற்கு முதலில் “சிஸ்டம்ல லேட்டா அப்டேட் ஆயிருக்கும் சார்” என்றார். அடுத்த வாரம் “எங்களுக்கே இன்னும் வரலை சார்”. மெயிலை அனுப்பியதும், “என்ன சார், ஒரு மூவாயிரத்துக்குப் போய் இவ்வளவு தூரம்…” என்று இழுத்தார். 1915 நுகர்வோர் உதவி எண்ணிலும், விமானப் பயணிகள் புகாருக்கான அரசின் ஏர்சேவா தளத்திலும் புகார் எழுதப்போகிறேன் என்றேன். அன்று மாலையே 3,500 வந்தது. 325 வரவில்லை. செய்யாத கேன்சலுக்கு சர்வீஸ் சார்ஜ்!

விதி இதுதான். விமானக் கம்பெனி ரத்து செய்தால், புயலே காரணமாக இருந்தாலும், மாற்று விமானம் அல்லது முழுப் பணம், இரண்டில் ஒன்றை நாம் கேட்டு வாங்கலாம். புயலுக்கு நஷ்டஈடு மட்டும்தான் கிடையாது. ஏஜென்ட் மூலம் வாங்கிய டிக்கெட்டுக்கும் பணத்தைத் திருப்பித் தரும் பொறுப்பு விமானக் கம்பெனியுடையதே. நாமாக முந்திக்கொண்டு கேன்சல் செய்தால்தான் கட்டணம் பிடிப்பார்கள். அப்போதும் விமான நிலையக் கட்டணம், வரி எல்லாம் திரும்ப வர வேண்டும். ஆகவே அவர்கள் ரத்து செய்யும்வரை பொறுத்திருப்பதுதான் நமக்கு லாபம்.

பஸ் கதையையும் சொல்லிவிடுகிறேன். சாயங்காலம் தாம்பரம் வந்து சேர்ந்தபோது பஸ்ஸும் ஓடாது என்று மெசேஜ் வந்தது. அந்தப் பணம் நாலாம் நாள் என் கணக்குக்கே ஒழுங்காக வந்துவிட்டது. ராத்திரி தங்க ஜிஎஸ்டி ரோட்டில் ஒரு லாட்ஜ். உள்ளே நுழையும்போதே சட்டை சொட்டச் சொட்ட நனைந்திருந்தேன், மேனேஜர் என்னைப் பார்த்த மாத்திரத்தில் ரேட்டை முடிவு செய்துவிட்டார். 3,200 ரூபாய், அதற்கு மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி, மொத்தம் 3,776. கரண்ட் இல்லை, ஜெனரேட்டரில் ஒரு லைட்டும் ஃபேனும்.

அதிகம் என்று தெரிந்தேதான் கொடுத்தேன், ஆபீசில் வாங்கிக்கொள்ளலாம் என்ற தைரியத்தில். பில்லைக் கொடுத்ததும் அக்கவுண்ட்ஸ் அக்கா பென்சிலை எடுத்து இரண்டு வட்டம் போட்டார். முதல் வட்டம் 18 மேல். அப்போது 7,500 ரூபாய் வரையுள்ள அறைக்கு 12 சதவீதம்தான். இரண்டாவது வட்டம் ஜிஎஸ்டி நம்பர் மேல்.

“எண்ணிப் பாருங்க தம்பி. பதினஞ்சு இருக்கணும்.”

எண்ணினேன். பதிமூன்றுதான் இருந்தது.