ஜூலை மாத நியூசிலாந்தில் ஒரு வாடகைக் கேம்பர்வேன்

நியூசிலாந்தின் தெற்குத் தீவைக் குளிர்காலத்தில் சுற்றிப் பார்ப்பதற்காக, நானும் என் கணவரும் கிறைஸ்ட்சர்ச் நகரில் ஒரு கேம்பர்வேனைப் பன்னிரண்டு நாள்களுக்கு வாடகைக்கு எடுத்தோம். படுக்கை, அடுப்பு, கழிவறை, டீசல் ஹீட்டர் ஆகிய அனைத்தும் உள்ளேயே அமைந்த, இருவருக்கான வண்டி அது. வண்டியில் எனக்குப் பெரிய குறை ஏதும் இல்லை; அதை எங்களிடம் ஒப்படைத்த விதத்தில்தான் குறை. ஒரு கிளையில் நடந்ததைக் கொண்டு நிறுவனத்தையே எடைபோட விரும்பாததால் பெயரைத் தவிர்க்கிறேன்.

ஒப்படைப்புக்கு இருபது நிமிடங்கள் ஒதுக்கினார்கள். அதில் பாதி நேரம் கூடுதல் காப்பீட்டை எங்கள் தலையில் கட்டுவதிலேயே கழிந்தது. பனியில் வழுக்காமல் இருக்கச் சக்கரங்களில் மாட்டும் பனிச்சங்கிலியைப் பற்றிக் கேட்டபோது, இருக்கைக்கு அடியில் பையில் இருக்கிறது என்பதோடு வண்டியை ஒப்படைத்த பெண் முடித்துக்கொண்டார். சாலையின் இடப்பக்கம் ஓட்டிப் பழகிய நமக்கு அந்நாட்டில் வண்டி ஓட்டுவது பெரிய காரியமில்லை. ஆனால் பனியில் சங்கிலி மாட்டுவதை நாம் எங்கே கற்றிருக்கப் போகிறோம்?

அதன் விலையை மில்ஃபோர்டு சாலையில் கொடுத்தோம். தே ஆனா என்ற ஊரிலிருந்து மில்ஃபோர்டு சவுண்டு என்னும் கடல் நுழைகுடா வரை ஏறத்தாழ 120 கிலோமீட்டர் செல்லும் அந்தச் சாலையில், குளிர்காலத்தில் சங்கிலி இல்லாமல் பயணம் செய்யக் கூடாது என்பது விதி. அன்று காலை, சங்கிலியை மாட்டிய பிறகே மேலே செல்லலாம் என்று அறிவிப்புப் பலகை கூறியது. ஓரமாக நிறுத்தி, கையுறையோடு கொக்கி பிடிபடாததால் அதைக் கழற்றிவிட்டு, விரல்கள் மரத்துப்போகும் வரை போராடி, நாற்பது நிமிடங்களில் இரண்டு சக்கரங்களுக்கும் மாட்டி முடித்தோம். அந்த வழியாக வந்த சாலைப் பணியாளர் ஒருவர் இறங்கி வந்து பார்த்து, சிரிப்பை அடக்கிக்கொண்டு, இந்த வண்டியை உந்துவது பின்சக்கரங்கள் என்றார். நாங்கள் மாட்டியிருந்ததோ முன்சக்கரங்களில்! அவர் உதவியோடு மாற்றி மாட்டப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. அதற்குள் கீயா எனப்படும் மலைக்கிளி ஒன்று கூரையில் வந்து அமர்ந்து, சன்னலைச் சுற்றியிருந்த ரப்பரை நிதானமாகக் கொத்தத் தொடங்கியிருந்தது. கிளி கடித்த ரப்பருக்குக் காப்பீடு உண்டா என்பதையும் யாரும் எங்களுக்குச் சொல்லியிருக்கவில்லை. பனிச்சரிவு அபாயம் உள்ளதால் வண்டியை நிறுத்தக் கூடாத பகுதிகளை மெல்லக் கடந்து, 1935இல் வேலை தொடங்கி 1954இல் திறக்கப்பட்ட ஹோமர் சுரங்கப்பாதைக்குள் நுழைந்தபோதுதான் இருவருக்கும் மூச்சே வந்தது.

ஹீட்டரைப் பாராட்டியே ஆக வேண்டும். வண்டியின் தொட்டியிலிருந்தே டீசலை எடுத்துக்கொண்டு, பத்து நிமிடங்களில் உள்ளே சட்டையோடு உட்காரும் அளவுக்குச் சூடேற்றிவிடும். எனினும் அதன் விசிறி, வண்டியின் உட்புறச் சாதனங்களுக்கான பேட்டரியில் ஓடுகிறது என்பதை, அவுராக்கி மலையடிவாரத்தில் மின்னிணைப்பு இல்லாத ஒய்ட் ஹார்ஸ் ஹில் முகாமில், அதிகாலை மூன்று மணிக்கு அது அணைந்துபோன பிறகே புரிந்துகொண்டோம். முந்தைய இரவு ரசம் வைத்தபோது எழுந்த ஆவி சன்னல்களின் உட்புறத்தில் படிந்து உறைந்திருந்ததால், விடிந்ததும் ரொட்டிக் கத்தியின் முதுகால் சுரண்டித்தான் 3,724 மீட்டர் உயரமுள்ள அந்தச் சிகரத்தைப் பார்க்க முடிந்தது. அன்று முதல், சமைக்கும்போது கூரைச் சாளரத்தைச் சற்றே திறந்து வைத்தோம். ஒரு நாள் விட்டு ஒரு நாள் மின்னிணைப்புள்ள முகாமில் தங்கினோம். அப்படித் தங்கிய தெக்காப்போ ஏரிக்கரை, 2012இல் இருள்வானக் காப்பகமாக, அதாவது செயற்கை ஒளியைக் கட்டுப்படுத்தி இரவு வானத்தைப் பாதுகாக்கும் இடமாக, அறிவிக்கப்பட்ட பகுதியில் உள்ளது. படுக்கையில் இருந்தபடியே பால்வீதியைப் பார்க்கும் வசதியை எந்த விடுதி அறையும் தராது.

கட்டணத்திலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அங்கே பெட்ரோல் விலையிலேயே சாலை வரி அடங்கியிருக்கும். டீசல் வண்டிகளுக்கோ ஓடிய கிலோமீட்டர் கணக்கில் அதைத் தனியாக வசூலிக்கிறார்கள். இது நாட்டின் சட்டம், நிறுவனத்தின் தந்திரம் அல்ல. ஆனாலும் முன்பதிவுப் பக்கத்தில் பொடி எழுத்தில் இருந்ததை, வண்டியைத் திருப்பிக் கொடுக்கும்போது ரசீதாகப் பார்ப்பது இனிக்கவில்லை.

குளிர்காலத்தில் மலைப்பாதைகளில் போக விரும்பும் தம்பதியருக்கு இவ்வகை வண்டியைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். ஐந்துக்கு நான்கு மதிப்பெண் வண்டிக்கு, இரண்டு ஒப்படைப்புக்கு. சாவியை வாங்குவதற்கு முன், அவர்கள் எவ்வளவு அவசரப்பட்டாலும், வாகனக்கூடத்திலேயே சங்கிலியை ஒருமுறை மாட்டிக் காட்டச் சொல்லுங்கள். கடைசி நாளில், ஈரமாக இருந்த சங்கிலிப் பையைத் தூக்கிப் பார்த்த அதே பெண், “அடடா, இதை நிஜமாகவே பயன்படுத்தினீர்களா?” என்று எங்களிடம் கேட்டார்.