எலி கடித்த எஸ்டீமும் கணபதி வயரிங் கடையும்

குன்னூர் மலைப்பாதையில் பர்லியாறு தாண்டி ஒரு கொண்டை ஊசி வளைவில் என்னுடைய 2003 மாருதி எஸ்டீம் கார் நின்றுபோனபோது, பின்னால் அரசு பஸ் ஒன்று வந்துகொண்டிருந்தது. அந்த ஓட்டுநர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் மறக்கவில்லை. அரை மணி நேரம் ஆறவிட்டால் வண்டி கிளம்பும்; சூடேறினால் மறுபடியும் இருமத் தொடங்கும். எட்டு மாதங்களில் இரண்டு மெக்கானிக்குகள் பெட்ரோலை இன்ஜினுக்கு அனுப்பும் பம்ப், பிளக், சென்சார் என்று மாற்றி 21,000 ரூபாயைக் கரைத்தார்கள். இருமல் மட்டும் போகவில்லை.

கடைசியில் போய்ச் சேர்ந்த இடம் கோவை கணபதியில், சத்தி சாலையிலிருந்து பிரியும் சந்தில் உள்ள ஒரு தகர ஷெட். பெயர்ப் பலகைகூடக் கிடையாது. உரிமையாளர் ஸ்பேனரைத் தொடவேயில்லை. இன்ஜினை ஓடவிட்டு மல்டிமீட்டரை எடுத்தார். பேட்டரியில் 14.1 வோல்ட். பம்ப் கனெக்டரில் 10.9.

"பம்பை மாற்றி என்ன பிரயோஜனம் சார்? கரண்டே போய்ச் சேரவில்லையே!"

முன்பு பார்த்தவர்களும் மீட்டர் வைத்துத்தான் பார்த்தார்கள். ஆனால் பம்ப் கனெக்டரைக் கழற்றிவிட்டு அளந்தார்கள். நாலு இழை மிச்சமிருக்கும் வயர்கூட அப்போது முழு வோல்ட்டைக் காட்டும். பம்ப் கரண்டை இழுக்கும்போது அளந்தால்தான் வழியில் எவ்வளவு தொலைகிறது என்பது தெரியும்.

வயர்க் கட்டின் டேப்பைப் பிரித்துக் காட்டினார். எலி கடித்த இடத்தில் செம்பு பச்சைக் களிம்பு பிடித்திருந்தது. அதற்குச் சற்றுத் தள்ளி, யாரோ ஒரு புண்ணியவான் வீட்டு வயரை முறுக்கி டேப் சுற்றி வைத்திருந்தார். பம்புக்கு மட்டுமல்ல, இன்ஜினுக்குள் பெட்ரோலைத் தெளிக்கும் நான்கு இன்ஜெக்டர்களுக்கும் 12 வோல்ட் அந்த ஒரே வழியில்தான் போகிறது. தனக்கு வரும் வோல்ட்டை வைத்துத்தான் இன்ஜெக்டரை எவ்வளவு நேரம் திறப்பது என்று ஈசியு, அதாவது இன்ஜினை நடத்தும் கம்ப்யூட்டர், கணக்குப் போடும். இன்ஜெக்டருக்கு மட்டும் வோல்ட் குறைந்தால் அதற்குத் தெரியாது. இன்ஜெக்டர் தாமதமாகத் திறக்கும், பெட்ரோல் குறையும், வண்டி இருமும். என் எட்டு மாதத் துன்பத்துக்கு இவ்வளவுதான் விளக்கம்.

ஒட்டுப்போட்டுத் தரச் சொன்னேன், மறுத்துவிட்டார். பழைய வயர்க் கட்டை முழுவதுமாக வெளியே எடுத்து, பிளைவுட் பலகையில் ஆணி அடித்து அதே வடிவில் விரித்தார். ஒவ்வொரு முனையிலும் மாஸ்கிங் டேப் ஒட்டி, பால்பாயின்ட் பேனாவால் 'இன்ஜெக்டர் 3', 'தண்ணீர்ச் சூடு' என்று தமிழிலேயே எழுதியிருந்தார். அதைப் பார்த்ததும்தான் எனக்கு நம்பிக்கை வந்தது. பேட்டரியிலிருந்து ஒரு சாண் தூரத்திலேயே ஃபியூஸ், அங்கிருந்து 2.5 சதுர மில்லிமீட்டர் வயர், இரண்டு புது ரிலே (சிறு கரண்டால் பெரிய கரண்டைத் திறந்து மூடும் சுவிட்ச்): ஒன்று ஈசியுவுக்கும் இன்ஜெக்டர்களுக்கும், மற்றது பம்புக்கு. பம்ப் ரிலேயை இயக்கும் வேலையை மட்டும் ஈசியுவிடமே விட்டுவிட்டார். விபத்தில் இன்ஜின் நின்றால் பம்பும் நின்றாக வேண்டும் என்பதில் அவருக்குச் சமரசம் இல்லை. இணைப்புகள் எல்லாம் கிரிம்ப் செய்தவை, அதாவது உலோக முனையை வயர்மேல் நசுக்கி இறுக்கியவை. ஈயம் வைத்துப் பற்றவைத்தால் வயர் விறைத்து, அதிர்வில் அந்த விளிம்பிலேயே ஒடியுமாம். எர்த் வயர்களுக்கு இன்ஜின் பிளாக்கைப் பளபளவென்று சுரண்டிய பிறகே போல்ட் போட்டார்.

இப்போது பம்பில் 13.6 வோல்ட். இரண்டு மாதத்தில் 2,300 கிலோமீட்டர் ஓட்டிவிட்டேன், குன்னூருக்கு இரண்டு முறை ஏறியது உட்பட. ஒரு தடவைகூட நிற்கவில்லை.

குறை இல்லாமல் இல்லை. நாலு நாள் என்றார், பதினொரு நாள் ஆனது. போனை எடுக்கவே மாட்டார்; காலை பத்து மணிக்கு முன் நேரில் போவதுதான் வழி. கணக்கு நாட்காட்டித் தாளின் பின்பக்கத்தில் வந்தது: பொருள் 5,300, கூலி 9,500. ரிலே பட்டையைப் பேட்டரியின் தலைக்கு மேல் வைத்துவிட்டார். பேட்டரியைத் தூக்க வேண்டுமென்றால் முதலில் அதைக் கழற்ற வேண்டும். இவ்வளவு யோசித்தவர் அதை யோசிக்காதது எனக்கு வருத்தம்தான்.

எலிக்குப் புகையிலை கட்டலாமா என்று கேட்டேன். சிரித்தார். "ராத்திரி பானெட்டைத் திறந்து வையுங்கள். இருட்டும் கதகதப்பும் இல்லையென்றால் அது ஏன் வரப்போகிறது?" ஆகவே தினமும் இரவில் எங்கள் வாசலில் எஸ்டீம் வாயைப் பிளந்துகொண்டு நிற்கிறது. எதிர்வீட்டுக்காரர் பால் வாங்க வரும்போதெல்லாம், "இன்னுமா சரியாகவில்லை?" என்று விசாரித்துவிட்டுப் போகிறார்.