பன்னிரண்டு வருஷ ப்ரோபாக்ஸ்: இடது கதவு மாற்றிய கையோடு எழுதுவது

நேற்று சாயங்காலம்தான் பட்டறையிலிருந்து என் டொயோட்டா ப்ரோபாக்ஸ் கார் வீட்டுக்கு வந்தது. முன்பக்க இடது கதவு புதுசு. புதுசு என்றால், ஜப்பானில் ஏதோ ஒரு வண்டியில் கழற்றிய கதவு. வெள்ளைக்கு வெள்ளை சேரவில்லை. வெயிலில் பார்த்தால் கதவு மட்டும் பால் நிறம், மற்ற இடமெல்லாம் மோர் நிறம். பழைய கதவை ஒரு டாக்சி பெயர்த்துக்கொண்டு போனது. ரங்கூனில் தாம்வே சந்தை முன்னால் ஓரமாக நிறுத்தினேன், அம்மா இறங்கக் கதவைத் திறந்தார், அவ்வளவுதான். நல்லவேளை, கால் இன்னும் உள்ளேதான் இருந்தது. முனீஸ்வரன் புண்ணியம். டாக்சிக்காரரைக் குறை சொல்ல மாட்டேன். பர்மாவில் ரோட்டின் வலது பக்கம் ஓட்டுகிறோம், நடுரோட்டைப் பார்த்துத் திறக்கிற கதவு அது.

அதே வாரம் பெகுவிலிருந்து, தம்பி முறையாகும் ஒருவன் போன் செய்தான். "அண்ணே, ப்ரோபாக்ஸ் ஒண்ணு நல்ல விலைக்கு வருது. எடுக்கலாமா?" போனில் சொல்லி முடிகிற பதிலா அது? அதனால்தான் எழுதுகிறேன்.

இங்கே எங்களுக்கு முதல் கார் என்பது சாதாரண விஷயம் இல்லை. ரங்கூன் நகரத்துக்குள் 2003 முதல் மோட்டார் சைக்கிள் கூடாது. பஸ், இல்லாவிட்டால் கார். காரோ, 2011க்கு முன்னால் எங்கள் மாதிரி ஆட்களின் கைக்கு எட்டாத பொருள். இறக்குமதி பெர்மிட் கிடைக்காது. அதனால் எண்பதுகளில் வந்த நிஸான் சன்னி காருக்குக்கூட வீட்டு விலை சொல்வார்கள். 2011 கடைசியில், பழைய வண்டியை ஒப்படைத்தால் புதிதாக ஒன்று இறக்கலாம் என்று அரசாங்கம் திறந்துவிட்டது. அப்புறம் ஜப்பான் வண்டிகள் கப்பல் கப்பலாக இறங்கின, விலையும் இறங்கியது. அப்பாவும் நானும் பயறு, உளுந்து தரகு பார்த்துக்கொண்டிருந்தோம். பாயின் நவுங் மண்டிக்குச் சாம்பிள் மூட்டையை டாக்சியில் ஏற்றி ஏற்றி அலுத்துப்போய், அந்த அலையில் இந்த வெள்ளை ப்ரோபாக்ஸை வாங்கினோம். 1500 சிசி, இங்கே சொந்த வண்டிக்குக் கொடுக்கிற கருப்பு நம்பர் பிளேட். பூஜை போட்டு, நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து ஓட்டி வந்த நாள் இன்னும் கண்ணிலேயே நிற்கிறது.

எஞ்சினைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. டைமிங் பெல்ட் இல்லை, செயின்தான். நேரத்துக்கு ஆயில் மாற்றினேன், அது பாட்டுக்கு ஓடியது. பின்சீட்டை மடக்கினால் தட்டையாக ஒரு மேடை கிடைக்கும். ஆறு மூட்டை உளுந்து படுத்துக்கொண்டு வரும். ஆனால் அந்தப் பின்சீட்டில் மனிதர் உட்கார முடியாது. பலகைக்குத் துணி போர்த்தின மாதிரி இருக்கும். இரண்டு அங்குல ஃபோம் வைத்து, ரெக்சினில் உறை தைத்துப் போட்டேன். ரேடியோவும் ஒரு கதை. ஜப்பான் ரேடியோ எஃப்எம்மில் 90உடன் நின்றுவிடும். சிட்டி எஃப்எம் 89இல் இருப்பதால் பிழைத்தோம். வண்டியை ஸ்டார்ட் செய்தால் ஒரு ஜப்பான் பெண் குரல் ஏதோ பணிவாகச் சொல்லும். சுங்கச்சாவடி கார்டு செருகவில்லை என்கிறாளாம். ஜப்பானில் வேலை பார்த்து வந்த உறவுக்காரர் சொல்லித்தான் தெரிந்தது. பெட்டியைக் கழற்றிவிடலாம் என்றார் மெக்கானிக். என் மகள் விடவில்லை. அந்தக் குரல் வந்தால்தான் அவளுக்கு வண்டி கிளம்பின மாதிரி.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஸ்டியரிங்.

பர்மாவில் 1970 வரை இடது பக்கம்தான் ஓட்டினார்கள். ஒரே நாளில் வலது பக்கத்துக்கு மாற்றினார் அப்போது ஆண்ட ராணுவத் தலைவர் நே வின். ஜோசியர் சொல்லித்தான் என்று பெரியவர்கள் சொல்வார்கள். ரோடு மாறியது, வண்டி மாறவில்லை. ஜப்பானிலிருந்து வந்ததெல்லாம் வலது ஸ்டியரிங். ஆக, ஓட்டுகிறவன் ரோட்டோரத்தில் உட்கார்ந்திருக்கிறான். இதில் ஒரு நன்மை உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன்: மழைக்காலத்தில் தண்ணீர் தேங்கி ரோடும் சாக்கடையும் ஒன்றாகிவிட்டால், சாக்கடை விளிம்பு நம் பக்கத்தில்தான். தலையை நீட்டிப் பார்த்துப் போகலாம். பன்னிரண்டு மழைக்காலத்தில் ஒரு தடவைகூட நான் சக்கரத்தை உள்ளே விட்டதில்லை.

ஆனால் பெகு ரோட்டில் ஒரு லாரிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டால்? முந்த வேண்டியது இடது பக்கமாக. நாமோ வலது ஓரத்தில். லாரியின் பின்பலகையைத் தவிர ஒன்றும் தெரியாது. எதிரே வருவதைப் பார்க்க வேண்டுமென்றால் பாதி வண்டியை எதிர்த்தடத்தில் நீட்டியாக வேண்டும். எங்களுக்கு அப்பாதான் கண். இடது சீட்டில் மடியில் சாம்பிள் பையோடு உட்கார்ந்து, கழுத்தைக் கதவுப்பக்கம் சாய்த்து, "பொறு… பொறு… ஒரு பஸ் வருது… பொறு… ம், இப்போ போ" என்பார். அவருக்கு ஓட்டத் தெரியாது. ஆனால் "போ" என்று சொன்னால் யோசிக்காமல் மிதிப்பேன். ஏழு வருஷம் அப்படித்தான் ஓடியது. ஒரு கீறல் இல்லை.

2019இல் அப்பா போய்ச் சேர்ந்தார். அதற்குப் பிறகுதான் வண்டியில் கைவைக்க ஆரம்பித்தேன். இடது கண்ணாடியில் உருண்டைக் கண்ணாடி ஒன்றை ஒட்டினேன். அது பின்னால் வருவதைக் காட்டும், முன்னால் வருவதற்கு உதவாது. இடது கண்ணாடிக்கு அடியில் முன்பக்கம் பார்க்கிற மாதிரி ஒரு சின்னக் கேமரா மாட்டி, டாஷ்போர்டில் திரை வைத்தேன். வெயில் நாளில் அருமை. மழையில் லென்ஸில் ஒரு துளி நின்றால் எதிரே வருவது பஸ்ஸா மரமா தெரியாது. ஸ்டியரிங்கையே இடது பக்கம் மாற்றலாமா என்று கேட்டேன். ரேக், பெடல், டாஷ்போர்டு, ஏர்பேக் என்று மெக்கானிக் விரலை மடக்கிக்கொண்டே போனார். பாதியிலேயே எழுந்து வந்துவிட்டேன்.

ஹெட்லைட் சங்கதி பலருக்குத் தெரியாது. ஜப்பானில் இடது பக்கம் ஓட்டுவதால், டிம்மில் வெளிச்சம் இடது பக்கம் கொஞ்சம் மேலே ஏறும், நடைபாதையைக் காட்டுவதற்காக. இங்கே அந்த இடது பக்கத்தில் எதிரே வருகிறவரின் கண் இருக்கிறது. நமக்குத் தேவையான வலது ஓரமோ இருட்டு. ஒரு ராத்திரி குடோன் சுவருக்கு நேராக வண்டியை நிறுத்தி, கருப்பு இன்சுலேஷன் டேப்பை விரல் நகம் அளவுக்கு வெட்டி வெட்டி விளக்குக் கண்ணாடியில் ஒட்டிப் பார்த்தேன். சுவரில் இடது பக்கம் ஏறியிருந்த வெளிச்சம் தட்டையாகும் வரை ஒட்டினேன். முடியும்போது மணி பதினொன்று. அதற்குப் பிறகு எதிரே வருகிறவர்கள் என்னைப் பார்த்து லைட்டை அடிப்பதில்லை. இந்த வண்டிக்கு நான் செய்ததிலேயே எனக்குப் பிடித்த வேலை அதுதான். செலவு ஒரு டேப் சுருள்.

தம்பி, உனக்குப் பதில்: எடுக்காதே. இதைவிட உழைக்கிற வண்டியை நான் பார்த்ததில்லை, உன் வேலைக்கு இதைவிடப் பொருத்தமானது கிடைக்கவும் கிடைக்காது. இருந்தாலும் எடுக்காதே. வலது ஸ்டியரிங் இறக்குமதியை நிறுத்தி இத்தனை வருஷம் ஆகிவிட்டது, இடது ஸ்டியரிங் வண்டி இருக்கிறது. விலை கூடத்தான். நீ தனியாக ஓட்டப்போகிறவன். உன் இடது பக்கத்தில் தினமும் யார் உட்காருவார்?

என் வண்டியை விற்பேனா என்று கேட்காதே, விற்க மாட்டேன். அடுத்த வாரம் கதவுக்குப் பெயிண்ட் சேர்த்து அடிக்கக் கொடுத்திருக்கிறேன். அம்மாவைப் பின்சீட்டில் வலது பக்கம் உட்காரச் சொல்லியிருக்கிறேன். முன்னால்தான் உட்காருவேன் என்கிறார்.